‘ஹி’யா, ‘ஷி’யா, ‘தே’யா? ஆங்கிலத்தின் பாலினப் பொதுச்சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த வாக்குவாதம் உண்மையில் எதைப் பற்றியது?

ஒரே பேரில் இரண்டு வாக்குவாதங்கள் நடக்கின்றன. முதலாவது பழையது. ஆள் யாரென்று தெரியாதபோது, அல்லது ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்தில் யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது, ஆங்கிலத்தில் எந்தப் பிரதிப்பெயரை (பேருக்குப் பதிலாக வரும் ‘அவன்’, ‘அவள்’ போன்ற சொல்லை) போடுவது? ‘எவ்ரி ஸ்டூடண்ட் மஸ்ட் பிரிங்’ என்று தொடங்கிவிட்டால், அடுத்து வருவது ‘ஹிஸ் புக்’கா, ‘ஹர் புக்’கா, ‘தெயர் புக்’கா? ஃபயர்மேன், சேர்மன் போன்ற சொற்களைப் பற்றிய பேச்சும் இதோடு சேர்ந்ததுதான்.

இரண்டாவது புதியது. தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ உணராத ஒருவர், ‘என்னைப் பற்றிப் பேசும்போது ஹி, ஷி இரண்டும் வேண்டாம், தே என்று சொல்லுங்கள்’ என்று கேட்கிறார். இப்படிப்பட்டவர்களை ஆங்கிலத்தில் நான்பைனரி என்கிறார்கள். இங்கே ஆள் யாரென்று நமக்குத் தெரியும்.

இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் பாதி விவாதம் எங்கும் போய்ச் சேர்வதில்லை. முதல் கேள்விக்கு மொழியின் வரலாறே பதில் சொல்லிவிடும். இரண்டாவதில் மரியாதை, சட்டம், மனசாட்சி எல்லாம் வந்து சேர்கின்றன.

‘தே’ பன்மை ஆயிற்றே? ஒரே ஒருவருக்கு அதை எப்படிப் போடலாம்?

பள்ளியில் நமக்கு அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். ஆனால் ஆங்கிலேயர்கள் அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக ‘தே’யை ஒருமையிலும் போட்டுவருகிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் கவிஞர் சாசர் எழுதியிருக்கிறார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் இருக்கிறது. நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் தாராளமாகவே கையாண்டிருக்கிறார். இன்றைக்கும் கதவை யாரோ தட்டினால் ‘ஆஸ்க் தெம் டு வெயிட்’ என்று சொல்கிற ஆங்கிலேயர், தான் இலக்கணப் பிழை செய்துவிட்டதாக நினைப்பதில்லை. ஒருமை ‘தே’யை எதிர்த்து எழுதுகிறவர்களும் பேச்சில் அதைப் பயன்படுத்துகிறவர்கள்தான்.

‘யூ’வின் கதையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு காலத்தில் ஒருவரை ‘தௌ’ என்றும் பலரை ‘யூ’ என்றும் அழைத்தார்கள். பிறகு மரியாதைக்காகப் பெரியவர் ஒருவரையும் ‘யூ’ என்று அழைக்கத் தொடங்கி, கடைசியில் எல்லோருமே ‘யூ’ ஆனார்கள். 1660இல், குவேக்கர் என்ற கிறிஸ்தவ இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் தன் தோழர்களோடு சேர்ந்து ஒரு தனிப் புத்தகமே போட்டார். ஒருவரைப் போய் ‘யூ’ என்று சொல்கிறவன் முட்டாள் என்று அதில் ஏசியிருக்கிறார். மொழி அவர் பேச்சைக் கேட்கவில்லை. ‘யூ ஆர்’ என்பதில் ‘ஆர்’ பன்மை வினை. ஒருவரைப் பார்த்து அதைச் சொல்லும்போது இன்று யாருக்கும் உறுத்துவதில்லை.

தமிழ் பேசுகிற நமக்கு இது எளிதில் பிடிபட வேண்டிய விஷயம். ‘அவர்’ பிறப்பால் பலர்பால் சொல். ‘அவர் வந்தார்’ என்று ஒருவரைச் சொல்லும்போது நாம் ஆட்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

அப்படியானால் ‘ஹி என்றால் எல்லோரும் அடக்கம்’ என்ற விதி எங்கிருந்து வந்தது?

இலக்கண நூல்களிலிருந்து வந்தது. பேச்சு வழக்கு ஒன்றாக இருந்தபோது, 18ஆம் நூற்றாண்டின் இலக்கண ஆசிரியர்கள் வேறொன்றைச் சட்டமாக்கினார்கள். முதலில் எழுதியவர்களில் ஒருவர் ஒரு பெண்மணி: பள்ளி நடத்திவந்த ஆன் ஃபிஷர். ஆண்பால் சொல் இருபாலரையும் குறிக்கும் என்று 1745இல் வெளிவந்த அவருடைய இலக்கண நூல் சொல்கிறது. பின்னால் வந்த பள்ளிப் புத்தகங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1850இல் அதைச் சட்டமாகவே ஆக்கியது: சட்டங்களில் வரும் ஆண்பால் சொற்கள் பெண்களையும் உள்ளடக்கும் என்றது.

இங்கேதான் விஷயம் இலக்கணத்தைத் தாண்டுகிறது. 1867இல் பிரிட்டனில் வாக்குரிமையை விரிவாக்கிய சட்டம் ‘மேன்’ என்ற சொல்லை எழுதியது. மான்செஸ்டர் பெண்கள் கேட்டார்கள்: 1850ஆம் ஆண்டுச் சட்டப்படி ‘மேன்’ என்றால் நாங்களும் அடக்கம்தானே, எங்களுக்கும் ஓட்டு உண்டுதானே? 1868இல் நீதிமன்றம் இல்லை என்று சொல்லிவிட்டது. வரி கட்டவும் தண்டனை வாங்கவும் ‘ஹி’ என்றால் பெண்ணும் சேர்த்தி. ஓட்டுப் போட மட்டும் ‘ஹி’ என்றால் ஆண் தனி.

அமெரிக்காவில் பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிய சூசன் பி. ஆந்தனி இதே முரணைத்தான் பிடித்தார். 1872 தேர்தலில் ஓட்டுப் போட்டதற்காக அவரைக் கைது செய்தார்கள். அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். சட்டத்தில் ‘ஹி’ என்று இருப்பதால் எங்களுக்கு ஓட்டு இல்லையென்றால், அதே ‘ஹி’ இருக்கிற வரிச் சட்டத்திலிருந்தும் குற்றச் சட்டத்திலிருந்தும் எங்களை விட்டுவிடுங்கள் என்பது அவர் வாதம். இதற்கு நேர்மையான பதில் எதுவும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கனடாவில் செனட் உறுப்பினராகத் தகுதியுள்ளவர்களை அரசமைப்புச் சட்டம் ‘பெர்சன்ஸ்’ என்றே குறித்தது. பொதுச்சொல்தான். ஆனாலும் 1928இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதில் பெண்கள் அடங்க மாட்டார்கள் என்றது. ஆல்பர்ட்டாவைச் சேர்ந்த ஐந்து பெண்கள், அன்று கனடாவுக்கும் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். 1929 அக்டோபர் 18ஆம் தேதி தீர்ப்பு மாறியது. பொதுச்சொல் போட்டுவிட்டால் மட்டும் நியாயம் கிடைத்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. ஆனால் ஆண்பால் சொல்லை வைத்துக்கொண்டு ‘இதில் எல்லோரும் இருக்கிறார்கள்’ என்று சொல்வதைவிட அது நேர்மையானது.

‘ஹி’ என்று படித்தால் வாசகர் உண்மையிலேயே ஆணைத்தான் நினைக்கிறாரா? இது மிகைப்படுத்தல் இல்லையா?

சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1970களிலிருந்து அமெரிக்க உளவியலாளர்கள் பல சோதனைகள் நடத்தினார்கள். பொதுவாக ஒரு மனிதரைப் பற்றிய வாக்கியத்தை ஒரு குழுவுக்கு ‘ஹி’ போட்டும் இன்னொரு குழுவுக்கு ‘தே’ போட்டும் கொடுத்து, மனதில் எழுந்த உருவத்தைச் சொல்லச் சொல்வது, அல்லது கதை எழுதச் சொல்வது. ஜான் காஸ்டில் என்பவர் 1990இல் வெளியிட்ட ஆய்வு இந்த வகை. ‘ஹி’ படித்தவர்கள் மனதில் ஆண் உருவம் மிக அதிகமாக எழுந்தது. ‘தே’ படித்தவர்களிடம் அந்தச் சாய்வு குறைவு. வேறு வேறு ஆட்கள் வேறு வேறு முறையில் செய்த சோதனைகளும் ஏறக்குறைய இதையே காட்டின.

படிக்கத் தடங்குமா என்றும் பார்த்தார்கள். 1997இல் வந்த ஒரு ஆய்வில், குறிப்பிட்ட ஒருவரைச் சுட்டாத பொது வாக்கியங்களில் ‘தே’ வந்தபோது வாசிப்பு வேகம் குறையவில்லை. ஆள் யாரென்று தெரிந்த இடத்தில் ‘தே’ வந்தால் கொஞ்சம் தடங்கியது. முதல் கேள்வியில் நான் பிரித்துச் சொன்ன இரண்டு பயன்பாடுகளும் காதுக்கு ஏன் வேறுபட்டு ஒலிக்கின்றன என்பது இதிலிருந்து புரியும்.

‘ஹி ஆர் ஷி’ என்று இரண்டையும் போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

ஒரு வாக்கியத்துக்குத் தீரும். ஒரு பத்தி எழுதிப் பாருங்கள்: ‘ஹி ஆர் ஷி’, ‘ஹிஸ் ஆர் ஹர்’, ‘ஹிம்செல்ஃப் ஆர் ஹர்செல்ஃப்’ என்று படிக்கவே களைப்பாகிவிடும். சாய்கோடு போட்டு எழுதும் வடிவத்தை வாய்விட்டுப் படிக்கவே முடியாது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாற்றி மாற்றி ஹி, ஷி போடுகிறவர்களும் உண்டு; நீண்ட நூல்களில் அது சரியாகவே இருக்கும். ஆனால் இரண்டிலும் சேராதவர்கள் இந்த வழிகளில் வெளியேதான் நிற்கிறார்கள்.

புதிதாக ஒரு சொல்லையே உருவாக்கிக்கொள்ளலாமே?

ஆசைப்படாதவர்கள் இல்லை. டென்னிஸ் பேரன் என்ற மொழியியலாளர் பல ஆண்டுகள் தேடி, இப்படி உருவாக்கப்பட்ட இருநூறுக்கும் மேற்பட்ட சொற்களைத் திரட்டியிருக்கிறார். அதிக தூரம் போனது ‘தான்’. அமெரிக்க வழக்கறிஞரும் இசையமைப்பாளருமான சார்லஸ் கிரோசட் கன்வர்ஸ் 1884இல் அதை அச்சில் முன்வைத்தார். ‘தட் ஒன்’ என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துச் சுருக்கியது. நம்முடைய ‘தான்’ போலவே எழுத வேண்டியிருப்பது தற்செயல்தான். 1934இல் வெளிவந்த வெப்ஸ்டர் பெரிய அகராதியில் அது இடம்பிடித்தது. 1961 பதிப்பில் யாரும் பயன்படுத்தவில்லை என்று எடுத்துவிட்டார்கள். சிகாகோ பள்ளிகளின் தலைமைப் பொறுப்பில் இருந்த ‘எல்லா ஃபிளாக் யங்’ என்ற பெண்மணி 1912இல் ‘ஹிஸர்’ என்று ஒன்றைச் சொல்லிப் பார்த்தார். அதுவும் நிற்கவில்லை. இப்போது ‘ஸீ’ போன்றவற்றைச் சிலர் தங்களுக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் இவை ஒட்டுவதில்லை? பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் தினம் ஒன்று புதிதாகப் பிறக்கும்; யாரும் தடுப்பதில்லை. பிரதிப்பெயர்கள் அப்படியில்லை. யோசிக்காமல், மூச்சு விடுவது போல வாயில் வருகிறவை அவை. ஒவ்வொரு முறையும் நின்று தேட வேண்டிய சொல் அந்த இடத்தில் நிலைக்காது.

அதற்காக அது முடியவே முடியாத காரியமும் இல்லை. ‘தே’ என்ற சொல்லே ஆங்கிலத்தின் சொந்தச் சொல் இல்லை. வைக்கிங்குகள் பேசிய நார்ஸ் மொழியிலிருந்து வந்து, பழைய சொல்லைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தது. ஸ்வீடனில் ‘ஹென்’ என்ற பொதுப் பிரதிப்பெயர் 2012 வாக்கில் பெரிய சர்ச்சையாகி, 2015இல் ஸ்வீடிஷ் அகாதெமியின் சொற்பட்டியலில் சேர்ந்துவிட்டது. அங்கே அது ஒட்டியதற்கு ஒரு காரணம், ‘ஹன்’, ‘ஹோன்’ என்ற பழைய சொற்களுக்கு நடுவே அது இயல்பாகப் பொருந்தியது. அதோடு, ஆங்கிலத்தின் ‘தே’ போல ஏற்கெனவே பழகிய போட்டிச் சொல் அங்கே இருக்கவில்லை. ஆங்கிலத்தில் அந்த இடம் காலியாக இல்லை என்பது என் கணிப்பு.

ஃபயர்மேன், சேர்மன் எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டுமா?

வேலையின் பேராக இருந்தால், ஆமாம். அந்த வேலையைப் பெண்களும் செய்கிறார்கள், பேர் அதைச் சொல்லட்டும். ஃபயர்ஃபைட்டர், போலீஸ் ஆபீசர், ஃப்ளைட் அட்டெண்டண்ட் இவையெல்லாம் இப்போது எவ்வளவு பழகிவிட்டன என்றால், இவற்றுக்காக ஒரு காலத்தில் சண்டை நடந்தது என்றே இளையவர்களுக்குத் தெரியாது. ‘சேர்’ என்று தலைவரைச் சொல்வதைப் புதுமோகம் என்று கேலி செய்தார்கள். அந்த வழக்கு 17ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. ‘போயட்டஸ்’, ‘ஆத்தரஸ்’ போன்ற பெண்பால் வடிவங்கள் தாமாகவே உதிர்ந்தன. கப்பலை ‘ஷி’ என்று எழுதிவந்த லாய்ட்ஸ் லிஸ்ட் நாளிதழ் 2002இல் ‘இட்’டுக்கு மாறியது.

‘மிஸ்’ என்றும் ‘மிஸஸ்’ என்றும் பெண்ணை மட்டும் கல்யாணத்தை வைத்துப் பிரித்ததை எம், எஸ் என்ற இரண்டே எழுத்துகளால் எழுதும், கல்யாணத்தைக் காட்டாத மூன்றாவது அடைமொழி மாற்றியது. மாசசூசெட்ஸின் ஒரு செய்தித்தாள் 1901இலேயே அதை முன்மொழிந்தது. நியூயார்க் டைம்ஸ் அதை ஏற்க 1986 ஆனது. எண்பத்தைந்து ஆண்டுகள்! ‘அவசரப்பட்டு மொழியை மாற்றுகிறார்கள்’ என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா மாற்றமும் ஒரே எடை கொண்டதும் இல்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரமன்றம் 2019இல் ‘மேன்ஹோல்’ என்பதை ‘மெயின்டனன்ஸ் ஹோல்’ என்று மாற்றியபோது உலகமே அதைத்தான் பேசியது. அதே தீர்மானம் நகரச் சட்டத்தொகுப்பு முழுவதிலும் பிரதிப்பெயர்களைத் திருத்தியது. அதைப் பேச ஆளில்லை. ‘ஹ்யூமன்’, ‘ஹிஸ்டரி’ என்பவற்றுக்குள் ‘மேன்’, ‘ஹிஸ்’ ஒளிந்திருப்பதாகச் சொல்வது தவறு. ஒன்று லத்தீன், மற்றது கிரேக்கம். இரண்டுக்கும் ஆண்பாலோடு தொடர்பில்லை. இப்படிப்பட்ட பலவீனமான வாதங்கள் நல்ல வாதங்களின் பேரையும் சேர்த்துக் கெடுக்கின்றன.

ஒருவர் தன்னை ‘தே’ என்று சொல்லச் சொன்னால் நான் சொல்ல வேண்டுமா? எப்படிச் சொல்வது?

சொல்லுங்கள் என்பதுதான் என் பதில். ஒருவர் தன் பேர் இன்னது என்று சொன்னால் நாம் அத்தாட்சி கேட்பதில்லை. அதே நாகரிகம்தான் இதுவும். அவருடைய உலகப் பார்வை முழுவதையும் நீங்கள் ஏற்றுக்கொண்டதாக இதற்கு அர்த்தமில்லை. அதே சமயம், இது அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். நாள் முழுக்கத் தனக்குப் பொருந்தாத சொல்லால் சுட்டப்படுவது மனிதரை உள்ளுக்குள் தேய்த்துவிடும்.

இலக்கணம் எளிது. ஆள் ஒருவரே ஆனாலும் வினை பன்மையிலேயே வரும்: ‘தே ஆர்’, ‘தே ஹேவ்’. ‘தே இஸ்’ என்று வராது. ‘தெம்செல்வ்ஸ்’, ‘தெம்செல்ஃப்’ இரண்டும் வழக்கில் உண்டு. வாய் தவறி ‘ஷி’ என்று வந்துவிட்டால் திருத்திச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். ஐந்து நிமிடம் மன்னிப்புக் கேட்டால், அந்தச் சுமை கேட்கிறவர் தலையில்தான் இறங்கும்.

அகராதிகளும் நடைக் கையேடுகளும் என்ன சொல்கின்றன?

ஏறக்குறைய எல்லாம் ஒருமை ‘தே’யை ஏற்கும் பக்கம் வந்துவிட்டன. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2017இல் குறைந்த இடங்களில் அதை அனுமதித்தது. 2019இல் மெரியம்-வெப்ஸ்டர், நான்பைனரி ஒருவரைக் குறிக்கும் ‘தே’யை அகராதியில் சேர்த்து, ‘தே’யையே அந்த ஆண்டின் சொல்லாகவும் அறிவித்தது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் கையேடு, ஏழாம் பதிப்பில் அதைப் பரிந்துரைக்கவே செய்கிறது. நூல் பதிப்பாளர்கள் பின்பற்றும் சிகாகோ கையேட்டின் தடுமாற்றம் சுவையானது: 1993இல் பொது ‘தே’யைப் பரிந்துரைத்து, 2003 பதிப்பில் பின்வாங்கி, 2024 பதிப்பில் திரும்ப ஏற்றுக்கொண்டது.

எதிர்ப்பவர்களிடம் நியாயமே இல்லையா?

இருக்கிறது. ‘தே’ சில இடங்களில் குழப்பும். ஒரு குழுவையும் ஒருவரையும் சேர்த்துச் சொல்லும் செய்தியில், யார் கிளம்பினார், ஒருவரா குழுவா என்று வாசகர் விழிப்பார். எழுதுகிறவர் அங்கே பேரைச் சொல்லித்தான் சமாளிக்க வேண்டும்.

மேலிருந்து திணிக்கப்படும் சொல் யாருக்காக உருவானதோ அவர்களிடமே எடுபடாமல் போகலாம் என்பதும் உண்மை. ‘லத்தீனோ’, ‘லத்தீனா’ என்ற ஆண்பால், பெண்பால் சொற்களுக்குப் பதிலாக வந்த ‘லத்தீனெக்ஸ்’ ஒரு பாடம். அமெரிக்காவில் ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழிப் பின்னணி கொண்ட) மக்களிடம் ப்யூ ஆய்வு மையம் கேட்டு 2020இல் வெளியிட்ட முடிவில், அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டவர்களே 23 சதவீதம்தான். தங்களுக்குப் பயன்படுத்துகிறவர்கள் 3 சதவீதம். ஸ்பானிய மொழியில் அதைச் சொல்லவே வாய் வளையாது என்று பலர் குறை சொன்னார்கள். பெண்களுக்கு மட்டும் நடக்கிற அநீதியைப் பேசும்போது பொதுச்சொல் போட்டால் விஷயமே மறைந்துவிடும் என்று சில பெண்ணியர்கள் சொல்வதையும் நான் ஒதுக்க மாட்டேன். பெண்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் பெண்கள் என்றே சொல்ல வேண்டும்.

சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தலாமா?

இதில்தான் அதிகச் சூடு. கனடாவின் சி-16 மசோதா 2017இல் சட்டமானது. மனித உரிமைச் சட்டத்திலும் குற்றச் சட்டத்திலும் பாலின அடையாளத்தைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது அது. பேராசிரியர் ஜோர்டன் பீட்டர்சன் அதைக் கட்டாயப் பேச்சு என்று எதிர்த்து உலகப் பிரபலமானார். கனடா வழக்கறிஞர் சங்கம் அந்த வாசிப்பு தவறு என்றது. மசோதாவின் வாசகத்தில் பிரதிப்பெயர் என்ற பேச்சே இல்லை.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநில ஷானி ஸ்டேட் பல்கலைக்கழகம், ஒரு திருநங்கை மாணவியை அவர் கேட்ட பிரதிப்பெயரால் அழைக்க மறுத்த பேராசிரியர் மீது நடவடிக்கை எடுத்தது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பேராசிரியரின் பேச்சுரிமை வழக்கைத் தொடர அனுமதித்தது. அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் 4 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. பிறகு காற்று மறுபக்கம் திரும்பியது. 2025 ஜனவரியில், அப்போது பதவியேற்ற அதிபர் டிரம்ப்பின் ஆணையை ஒட்டி, கூட்டாட்சி அரசின் ஊழியர்கள் மின்னஞ்சல் கையொப்பத்திலிருந்து தங்கள் பிரதிப்பெயர்களை நீக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஒரு பக்கம் சொல் என்கிறது, மறுபக்கம் சொல்லாதே என்கிறது. எனக்கு இரண்டு கட்டாயமும் உவப்பில்லை. ஒரே ஆளைத் தொடர்ந்து குறிவைத்துத் துன்புறுத்துவதைச் சட்டம் தடுக்கட்டும். வகுப்பிலும் அலுவலகத்திலும் அதற்கு விதிகள் தேவை. அதற்கு அப்பால் வாக்கியத்துக்குள் சட்டம் நுழையும்போது, மரியாதையாக இருந்த ஒன்று அச்சமாக மாறிவிடுகிறது. இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில் நல்லவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு.

சரி, நாளைக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதமோ கட்டுரையோ எழுத வேண்டும். என்ன செய்வது?

முடிந்தால் வாக்கியத்தையே பன்மையாக்கிவிடுங்கள். ‘எவ்ரி ஸ்டூடண்ட்’ என்பதை ‘ஆல் ஸ்டூடண்ட்ஸ்’ ஆக்கினால் ‘தெயர் புக்ஸ்’ பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சில இடங்களில் பிரதிப்பெயரே தேவைப்படாது: ‘ஹிஸ் ரிப்போர்ட்’ என்பதற்கு ‘த ரிப்போர்ட்’ போதும். அறிவுரை சொல்லும் எழுத்தில் ‘யூ’ போட்டுவிடலாம். இவை எதுவும் ஒத்துவராத இடத்தில் தயங்காமல் ஒருமை ‘தே’ எழுதுங்கள்.

பெறுபவர் யாரென்று தெரியாத கடிதத்தை ‘டியர் சர்’ என்று தொடங்க வேண்டாம். பதவியின் பேரைப் போடுங்கள், அல்லது விசாரித்துப் பேரைத் தெரிந்துகொள்ளுங்கள். தேர்வு எழுதுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்: பழைய விதியில் ஊறிய திருத்துநர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களோடு வாதம் செய்ய விடைத்தாளில் இடமில்லை. அங்கே பன்மை வாக்கியம்தான் பாதுகாப்பு. அப்புறம், உங்கள் பத்திரிகைக்கோ அலுவலகத்துக்கோ தனி நடைக் கையேடு இருந்தால், எழுதத் தொடங்கும் முன் அதை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.